இடது தோள் துப்பாக்கி

ஷோட்டோ, மொன்டானா
ஜூன் 17

எமெட்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. மலையுச்சியில் கண்ணாடி அறை கட்டிக்கொடுத்து, காட்டில் எங்காவது புகை எழும்புகிறதா பார் என்று சம்பளமும் கொடுத்தால் எவனுக்கு நலமில்லாமல் போகும்? அங்கே தொலைபேசி எடுக்காது என்பது உன் அதிர்ஷ்டம். எடுத்திருந்தால் இதை எழுத மாட்டேன், கத்தியிருப்பேன்.

இரண்டு செய்தி.

இருபத்து நான்கு வருஷமாக ஒவ்வொரு வசந்தத்திலும் என் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேட்டை அனுமதிக்கு மனு நிரப்புகிறோமே, அந்தக் குலுக்கலில் என் பெயர் விழுந்துவிட்டது. சன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, பெருங்கொம்புக் காட்டாட்டுக் கடா ஒன்று. காகிதத்தை நாலு தடவை படித்தேன். கொரின் ஹால்வர்சன் என்றுதான் போட்டிருக்கிறது. ஒருத்தருக்கு வாழ்நாளில் ஒரு தடவை விழுந்தாலே பெரிய விஷயம். உனக்கு விழவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இரண்டாவது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே துப்பாக்கி அலமாரியைத் திறந்தேன். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக. என் ரைஃபிள் இருந்த இடம் காலி. திருடன் வந்துவிட்டான் என்று நினைத்து உன் மகளைக் கூப்பிட்டேன்.

"ஜோலீன், என் ரைஃபிளக் காணோம்டி."

"அதை ட்ராய்கிட்ட குடுத்துட்டாரே அப்பா? உங்களுக்கு இனிமே தேவைப்படாதுன்னு... அத்தை, உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

உன் மருமகனுக்குத் தானம் பண்ணியிருக்கிறாய். என் துப்பாக்கியை. எப்போது என்றும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அறுவைச் சிகிச்சை முடிந்து, கண்ணுக்குள் விட்ட காற்றுக் குமிழி நகரக்கூடாது என்று பதினொரு நாள் தலையைக் கவிழ்த்தே கிடந்தேனே, அப்போது. நீ தினமும் வந்து சூப் காய்ச்சிக் கொடுத்தாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் பூட்ஸ் மட்டும்தான். அந்த பூட்ஸ் அலமாரிப் பக்கம் போனதை நான் எப்படிப் பார்ப்பேன்?

வலது கண் போய்விட்டது. பள்ளிப் பேருந்து ஓட்டும் உரிமமும் போய்விட்டது. அந்த இரண்டையும் எடுத்தது நீ இல்லை. மூன்றாவதை எடுத்தது நீ. அண்ணனாம்!

கொரின்

&nbsp;

கார்னெட் முகடு கண்காணிப்புக் கோபுரம்
ஜூன் 28

கொரி,

உன் கடிதத்தை, சாமான் ஏற்றிவரும் டெஸ் இன்றுதான் கோவேறு கழுதையில் கொண்டு வந்து சேர்த்தாள். உறையைப் பார்த்துவிட்டு, "அட்ரஸே இப்படி அழுத்தி எழுதியிருக்கு, உள்ள என்ன இருக்குமோ"ன்னு சிரித்துவிட்டுப் போனாள்.

ஆமாம், கொடுத்தேன். மறைக்கவில்லை, சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. சரி, சந்தர்ப்பத்தை நான் வர விடவில்லை என்றே வைத்துக்கொள். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது உன் முகத்தில் அடிக்கும் என்று நினைத்தேன். செத்துப்போனவர்களின் துணிமணியை உறவுக்காரர்கள் வந்து எடுத்துப் போவதில்லையா, அந்த மாதிரி. நீ செத்துப்போகவில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால் திட்ட வேண்டாம்.

குலுக்கலுக்கு வாழ்த்து.

இனி நான் சொல்வதை யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள். காப்பியைக் கோப்பைக்குள் ஊற்றவே இன்னும் நீ விளிம்பைத் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறாய். மாடிப்படியில் கடைசிப் படி எங்கே என்று கால் தேடுகிறது. சன் ஆற்றுப் பாறைகள் படிக்கட்டு இல்லை. அங்கே தவறான இடத்தில் குண்டு பட்ட கடா பாறை விளிம்புக்குப் போய் ஆயிரம் அடி கீழே விழும். யார் கைக்கும் கிடைக்காது. இல்லையென்றால் எங்காவது இடுக்கில் ஒளிந்து அணு அணுவாகச் சாகும். அந்தப் பாவத்தை வாழ்நாள் முழுவதும் சுமப்பாயா? அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ட்ராயிடம் துப்பாக்கியைத் திருப்பித் தரச் சொல்கிறேன். ஆனால் அதை வலது தோளில் வைத்து எந்தக் கண்ணால் பார்ப்பாய்?

எமெட்

&nbsp;

ஷோட்டோ
ஜூலை 11

எமெட்,

எந்தக் கண்ணால் பார்ப்பேன் என்று கேட்டாய். இடது கண்ணால். அது உன் கண்ணை விட நல்ல கண். டாக்டரே சொன்னார்.

அவரிடம் நேராகவே கேட்டேன், நான் சுடலாமா என்று. வலது கண்ணில் இனி கெடுவதற்கு ஒன்றுமில்லை, ஒரு நாளைக்குப் பத்துக் குண்டோடு நிறுத்திக்கொள், ஆனால் இந்த இடது கண்ணில் மட்டும் ஒரு துரும்பும் படக்கூடாது என்றார். அதைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு நேரே கிரேட் ஃபால்ஸுக்குப் போனேன். (ஓட்டியது, பேருந்து வேலை போனபின் என்னோடு பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் மர்லிஸ். வழியெல்லாம் பாட்டு. காது போகவில்லையே என்று வருத்தப்பட்டேன்.)

துப்பாக்கிக் கடைக்காரி பெயர் வில்லா. என் வயதுதான் இருக்கும். எல்லாரும் கண்ணைப் பற்றித் தெரிந்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள் இல்லையா? இவள் அதெல்லாம் இல்லை. கேட்ட முதல் கேள்வியே, "எந்தக் கண்ணு?"

"வலது."

"அப்போ இடது தோள். தோட்டா ஏத்தற போல்ட்டும் இடப்பக்கம் இருக்கணும். வலப்பக்க போல்ட்டை இடது தோள்ல வெச்சா ஒவ்வொரு குண்டுக்கும் கைய மேல சுத்திக் கொண்டுபோகணும். வீட்டுக்கதவைத் தொறக்க ஜன்னல் வழியா கைய விடற கதை."

முதலில் ஒன்றைக் கையில் வைத்தாள். வாதுமைக் கட்டை, தேன் நிறம், என்ன அழகு! ஆசையோடு தோளில் வைத்தேன். குறிபார்க்கும் ஸ்கோப்பின் விளிம்பு என் கண்ணிலிருந்து மூன்று விரல் தூரத்தில் வந்து நின்றது. அந்த நொடி உன் புருவம் ஞாபகம் வந்தது. பத்து வருஷம் முன்னால் துப்பாக்கி பின்னால் உதைத்து, ஸ்கோப் இடித்து, ரத்தம் வடிய வந்து நின்றாயே. இன்றைக்கும் அந்தப் பிறை அங்கே இருக்கிறது. உனக்கு அது ஒரு தழும்பு. எனக்கு நடந்தால் அது முழுக் குருடு. கீழே வைத்துவிட்டேன்.

அடுத்தது இறகு மாதிரி கனமில்லாதது. கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கும் இடத்தில் ஒரே ஒரு குண்டு. தோளில் குதிரை உதைத்த மாதிரி இருந்தது. "இது மத்தவங்களுக்கு விக்கறது"ன்னு வில்லாவே வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் மூலையிலிருந்து மூன்றாவதை எடுத்து வந்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். யாரோ செய்துகொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து போன மாதிரி ஒரு உருவம். குட்டைக் குழல். சாம்பல் நிற அடுக்குக் கட்டை. தோட்டாப் பெட்டி வயிற்றுக்கு வெளியே துருத்துகிறது. ஸ்கோப் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, குழலின் மேல், ஒரு சாண் தள்ளி முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

"இதுக்குப் பேரு ஸ்கவுட் ரைஃபிள்"னாள். "நடக்கறவங்களுக்குன்னு செஞ்சது. நாள் முழுக்கத் தோள்ல கெடக்கும், எடுத்ததும் சுடும். வெச்சுப் பாரு."

வைத்தேன். எமெட், என் கண்ணுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை! வெறும் காற்று. ஸ்கோப் அங்கே தூரத்தில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி. அதைச் சுற்றி அறை முழுவதும் தெரிகிறது. வில்லா தெரிகிறாள், மர்லிஸ் தெரிகிறாள், சுவரில் தொங்கும் கரடித்தோல் தெரிகிறது. இருக்கும் ஒரு கண்ணையும் குழாய்க்குள் பூட்டிவைக்க வேண்டியதில்லை. பெரிதாக்கிக் காட்டுவது இரண்டரை மடங்கு மட்டும்தான். போதும். நான் என்ன நிலாவையா சுடப் போகிறேன்?

போல்ட்டை இடது கையால் மேலே தூக்கினேன். பின்னால் இழுத்தேன். முன்னால் தள்ளினேன். அந்தச் சத்தம் இருக்கிறதே... குளிர்காலத்தில் வீட்டுக் கதவு சரியாகப் பொருந்தி மூடுமே, அப்படி. இன்னொரு தடவை செய்தேன். இன்னும் ஒரு தடவை. மர்லிஸ், "வாங்கிட்டு வீட்ல போய் விளையாடும்மா"ன்னாள்.

ஏழு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். அடிக்கட்டையில் தடிமனான ரப்பர் வைத்துக் கொடுத்தாள். பின்பக்கம் கண் வைத்துப் பார்க்க ஒரு வளையமும் முன்பக்கம் குறிமுனையும் கூட உண்டு. ஸ்கோப் உடைந்தாலும் வேலை நிற்காது.

சீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

கொரின்

&nbsp;

கார்னெட் முகடு
ஜூலை 23

கொரி,

ஸ்கவுட் ரைஃபிளா? மூக்கு நுனிக்குக் கண்ணாடி நழுவின பாதிரியார் மாதிரி இருக்குமே, அதுவா? மேலே வந்த டெஸ்ஸிடம் சொன்னேன். "அதைத் தூக்கிட்டுப் போனா கடா சிரிச்சே செத்துடும்"னாள்.

குட்டைக் குழல் என்றால் சத்தம் காதைப் பிளக்கும். இரண்டரை மடங்கில் முந்நூறு கஜத்தில் நிற்கும் கடா எறும்பு மாதிரித் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் முன்னால் வைத்த ஸ்கோப்பில் பின்னால் இருக்கும் சூரியன் பட்டு ஒன்றுமே தெரியாது. அதையெல்லாம் அந்த வில்லா சொன்னாளா?

விசை எப்படி? இழுத்தால் வழவழவென்று வருகிறதா, நடுவில் தடுக்கிறதா? தோட்டாப் பெட்டி ஆடாமல் நிற்கிறதா? சும்மா கேட்கிறேன்.

கண்ணுக்குத் தூரம் என்று நீ சொன்னதில் எனக்குச் சண்டையில்லை. அந்தப் புருவத்துக்கு ஏழு தையல்.

சரி, ஒரு பந்தயம். சாப்பிடும் காகிதத் தட்டு ஒன்றை இருநூறு கஜத்தில் வை. தரையில் உட்கார்ந்து, எதன் மேலும் சாய்க்காமல் பத்துக் குண்டு. பத்தும் தட்டில் இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஒன்பது இருந்தால் சீட்டைத் திருப்பிக் கொடு. தட்டைத் தபாலில் அனுப்பு. பேனாவால் ஓட்டை போட்டு ஏமாற்றினால் கண்டுபிடித்துவிடுவேன்.

கிழக்கே இரண்டு புகை பார்த்தேன் இந்த வாரம். ஒன்று நிஜம். ஒன்று தூசி.

எமெட்

&nbsp;

ஷோட்டோ
ஆகஸ்ட் 25

எமெட்,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை, அழும்படிதான் நடந்தது.

ஊருக்கு வெளியே ஜல்லிக் குழிக்கு வாரத்தில் ஐந்து நாள் போனேன். ஒரு நாளைக்குப் பத்துக் குண்டு. முதல் வாரம் தட்டைத் தொட்டது மொத்தமே மூன்று. நாற்பது வருஷம் வலது தோளில் வைத்துப் பழகிய உடம்பு சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. துப்பாக்கி இடது தோளில் இருக்கும். தலை தானாகக் கட்டையைத் தாண்டி வலது கண்ணைக் கொண்டுவரும். அங்கே என்ன இருக்கிறது? பனிமூட்டம். ஒரு நாள் துப்பாக்கியை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஜல்லி மேல் உட்கார்ந்து நீ சொன்னதெல்லாம் சரிதான் என்று சத்தமாகச் சொன்னேன். நல்லவேளை, காற்று பலமாக அடித்தது, யாருக்கும் கேட்டிருக்காது.

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றினேன். பல் துலக்குவது, சாவி திருப்புவது, கரண்டி பிடிப்பது. பள்ளி திறந்ததும் சமையலறையில் பீன்ஸ் போட்ட சில்லிக் குழம்பு கிண்டியதும் இடது கையால்தான். இலவங்கப்பட்டை ரொட்டிகளின் மேலெல்லாம் பீன்ஸ் தெறித்தது. "ஏம்மா, ஆட்டைச் சுடறதுக்குள்ள எங்களையெல்லாம் பட்டினி போட்டுடுவியா?"ன்னு மர்லிஸ் கத்தினாள். வீட்டில் தோட்டா இல்லாத துப்பாக்கியை எடுத்து, போல்ட்டைத் திறந்து விரல் விட்டுப் பார்த்து, சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைக் குறிவைத்துத் தினமும் நூறு தடவை விசையை இழுத்தேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை. துப்பாக்கியைத் தூக்கினேன், தோளில் விழுந்தது, கண் இருக்கும் இடத்தில் அந்தச் சின்ன ஜன்னல் தானாக வந்து நின்றது. நான் தேடவே இல்லை! சுட்டேன். கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலேயே போல்ட்டை இழுத்துத் தள்ளினேன். வெற்றுக்கூடு வெயிலில் மின்னிக்கொண்டு பறந்தது. மறுபடி சுட்டேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, இதை நான் கடாவுக்காகவோ உனக்காகவோ செய்யவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பத்துக் குண்டும் தீர்ந்த பிறகு வண்டியில் ஏறவே மனசில்லை.

(விசை நடுவில் கொஞ்சம் தடுத்தது. இப்போது இல்லை. பெட்டி ஆடவில்லை. நீ சொன்ன சாயங்கால வெயில் உண்மைதான், கண்ணாடியில் பளீரென்று அடிக்கிறது. தொப்பியை முன்னால் இழுத்து, உடம்பைத் திருப்பி உட்கார்ந்தால் சமாளிக்கலாம்.)

ஞாயிற்றுக்கிழமை ட்ராய் வந்தான். போர்வையில் சுற்றிய என் பழைய ரைஃபிளைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

"இது உங்களுது, அத்தை. மாமா குடுத்தாரு, வாங்கிட்டேன். உங்களைக் கேக்காமக் குடுத்தாருன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்."

வாங்கி வலது தோளில் வைத்துப் பார்த்தேன். தோளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கண்ணுக்குத்தான் ஒன்றும் இல்லை. பிறகு அவன் கையிலேயே கொடுத்தேன்.

"மாமா குடுத்ததை விடு. இப்போ நான் குடுக்கறேன். வெச்சுக்கோ."

"அத்தை..."

"சும்மா இல்ல. செப்டம்பர்ல எனக்கு முதுகு பலமான ஆள் ஒருத்தன் வேணும். வர்றியா?"

அவன் கண் கலங்கியதை ஜோலீனிடம் சொல்லாதே.

தட்டை உறைக்குள் வைத்திருக்கிறேன். ஏழு இருக்கிறது. மூன்று எங்கே என்று கேட்காதே. கெடு எந்த நாள் என்று நீ சொல்லவில்லை, அதனால் இது கணக்கில் சேராது.

கொரின்

&nbsp;

கார்னெட் முகடு
செப்டம்பர் 3

கொரி,

ஏழு பத்து ஆகாது.

தட்டை மேசை மேல் போட்டு அரை மணி நேரம் பார்த்தேன். ஏழு ஓட்டையும் வலது விளிம்பில் கூட்டமாக நிற்கிறது. தவறின மூன்றும் அந்தப் பக்கம்தான் வெளியே போயிருக்கும். நீ குறி தவறவில்லை. இடது விரலை முழுசாக விசைக்குள் நுழைத்து இழுக்கிறாய், துப்பாக்கியை வலப்பக்கம் தள்ளுகிறது. விரல் நுனிச் சதை மட்டும் போதும். காதில் யாரோ ரகசியம் சொல்லும்போது மூச்சுப் பிடிப்பாயே, அவ்வளவு மெதுவாக.

தோள்வாரைச் சும்மா தொங்கவிடாதே. வலது முழங்கைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொள். கை ஆடாது.

இதையெல்லாம் நான் ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ போகக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். குலுக்கலில் உன் பெயர் விழுந்தது என்று படித்தபோது எனக்கு

அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வடக்கே புகை மாதிரி ஏதோ தெரிகிறது.

ட்ராய்க்குக் கொடுத்ததைப் படித்தேன். டெஸ்ஸும் ஊரில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். நான் கொடுத்ததை விட நீ கொடுத்தது நன்றாக இருக்கிறது.

எமெட்

&nbsp;

ஷோட்டோ
செப்டம்பர் 11

எமெட்,

உள்ளே தட்டு இருக்கிறது. எண்ணிக்கொள்.

விரல் நுனி. தோள்வார். இரண்டும் சரி.

பதினைந்தாம் தேதி விடியும்போது நானும் ட்ராயும் மலையில் இருப்போம். நீ இனி வாயை மூடிக்கொள்ள வேண்டியவன், ஆகவே பதில் எழுத வேண்டாம்.

கொரின்

&nbsp;

ஷோட்டோ
செப்டம்பர் 20

எமெட்,

உட்கார். காப்பி வைத்துக்கொள். டெஸ் பக்கத்தில் இருந்தால் அவளையும் உட்காரச் சொல்.

முதல் இரண்டு நாள் காற்று ஒன்றுதான் கிடைத்தது. மலைமுகத்துக் காற்று உனக்குத் தெரியாததில்லை. கூடாரத்துக்குள் ட்ராய் பேசினால் உதடுதான் அசைகிறது. பாறைச் சரிவில் நடப்பதற்குக் கம்பு ஒன்று வைத்துக்கொண்டேன். கண்ணுக்கு ஆழம் தெரியாத இடத்தைக் கம்பு தொட்டுச் சொல்லும், பிறகு கால் வைப்பேன். மெதுவாகத்தான் நடந்தேன். துப்பாக்கி தோளில் கிடப்பதே தெரியவில்லை. புதருக்குள் குனிந்து நுழைந்தால் பழைய ரைஃபிள் கிளைக்குக் கிளை மாட்டும். இது என்னோடு கூடவே குனிந்தது.

மூன்றாம் நாள் காலையில் காற்று நின்றது. சரிவுக்கு மேல் ஊர்ந்து போய் எட்டிப் பார்த்த ட்ராய் என் கையைப் பிடித்தான்.

"கடா. ஒண்ணு இருக்கு."

நூற்று நாற்பது கஜம் இருக்கும். பாறைத் திட்டில் ஒரு கடா மேய்ந்துகொண்டிருந்தது. நல்ல கடாதான். உட்கார்ந்தேன், தோள்வாரை முழங்கைக்கு மேல் சுற்றினேன், தோளில் வைத்தேன். சின்ன ஜன்னலுக்குள் அது நிற்கிறது. விசையின் பாதுகாப்புப் பூட்டை விலக்கினேன்.

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே, இடது ஓரத்தில், ஒரு ஜூனிபர் புதர் எழுந்து நின்றது. புதர் எங்கே எழுந்து நிற்கும்? கொம்பு எமெட், கொம்பு! இவ்வளவு நேரம் படுத்திருந்த இன்னொரு கடா. கழுத்து அடிமரம் மாதிரி. இரண்டு கொம்பும் முழுச் சுற்றுச் சுற்றி வந்து, நுனி மோதி மோதி மழுங்கியிருந்தது. கண் முழுவதும் ஒரு குழாய்க்குள் இருந்திருந்தால் அதை நான் பார்த்தே இருக்க மாட்டேன். பக்கத்தில் இரண்டு கண்ணோடு உட்கார்ந்திருந்த ட்ராயும் பார்க்கவில்லை. பெரிய தூரநோக்கியில் முதல் கடாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடப்பக்கம் பாரு"ன்னேன்.

பார்த்துவிட்டு அவன் மூச்சை இழுத்த சத்தம் கடாவுக்கே கேட்டிருக்கும். "சுடுங்க அத்தை! சுடுங்க!"

சுடவில்லை. அது நின்ற இடத்துக்குப் பின்னால் வெறும் வானம். இரண்டு அடி தள்ளினால் பள்ளம். நீ ஜூனில் எழுதியதை நினைத்துக்கொண்டேன். உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அது சரியான பேச்சு.

"இது நகரட்டும்."

"ஓடிப்போயிட்டா?"

"ஓடட்டும். நாளைக்கு வேற மலை."

நாற்பது நிமிஷம். கால் மரத்துப் போச்சு. மூக்கு நுனியில் ஒரு ஈ உட்கார்ந்து குடும்பம் நடத்தியது. ட்ராய் வேண்டிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன், உதடு அசைந்துகொண்டே இருந்தது. கடா ஒரு தடவை எங்களைப் பார்த்தது. பிறகு ஏதோ முடிவுக்கு வந்த மாதிரி விளிம்பை விட்டு உள்ளே நடந்து, புல் படர்ந்த தட்டையான இடத்தில் பக்கவாட்டில் திரும்பி நின்றது.

விரல் நுனி.

வெடித்தது எனக்குக் கேட்கவே இல்லை. எதிர்ப்பாறையில் சத்தம் முட்டித் திரும்பி வருவதற்குள் என் கை போல்ட்டை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே வைத்துவிட்டது. கன்னம் கட்டையை விட்டு நகரவில்லை. ஜன்னலுக்குள் கடா பத்து அடி நடந்தது. முன்னங்கால் மடிந்தது. தூங்கப் போவது போலப் படுத்தது. இரண்டாவது குண்டு தேவைப்படவில்லை.

பூட்டைப் போட்டேன்.

"அத்தை! அத்தை!"ன்னு ட்ராய் என்னைத் தூக்கியே விட்டான். ஐம்பத்து நாலு வயசுப் பொம்பளையை, மலைச்சரிவில்! "கீழ விடுடா, கண்ணு போனதோட முதுகும் போயிடும்"னு கத்தினேன். இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம். பக்கத்தில் போய் அதன் கழுத்தில் கை வைத்தேன். இன்னும் சூடு இருந்தது. நன்றி என்று சொன்னேன். கொம்பில் வளையம் எண்ணினேன், ஒன்பது வயசு. கொம்பின் அடியை என் இரண்டு கையாலும் சுற்றிப் பிடிக்க முடியவில்லை.

இறைச்சி, தலை, தோல் எல்லாவற்றையும் இறக்க இரண்டு நடை. நான் ஒரு பின்னங்காலைச் சுமந்தேன். கம்பு ஊன்றி, மெதுவாக. ஒரு தடவை கூட விழவில்லை.

நேற்று கொம்பைப் பதிவு பண்ண வனவிலங்கு அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி புதுசு, சின்ன வயசு. கொம்பை அளந்தார், விசிலடித்தார், எண் பொறித்த உலோக முளையைத் துளைபோட்டு இறக்கினார். பிறகு படிவத்தையும் பேனாவையும் ட்ராய் பக்கம் நீட்டினார்.

"வாழ்த்துக்கள் சார். இங்க ஒரு கையெழுத்து."

ட்ராய் இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"என்கிட்ட ஏன் நீட்டறீங்க? நான் சுமை தூக்க வந்தவன். சுட்டவங்க இவங்க."

அவர் என்னைப் பார்த்தார், என் வலது கண்ணைப் பார்த்தார், சுவரோரம் போல்ட் திறந்து சாய்த்து வைத்திருந்த என் ஸ்கவுட் துப்பாக்கியைப் பார்த்தார். "எத்தனை குண்டு மேடம்?"னார்.

"ஒண்ணு"ன்னேன்.

கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு பெரிதாக என் பெயரை எந்தக் காகிதத்திலும் நான் எழுதினதில்லை.

கொரின்

&nbsp;

கார்னெட் முகடு
செப்டம்பர் 27

கொரி,

இந்த வருஷத்து முதல் பனி நேற்று விழுந்தது. இனி புகைக்கு வேலையில்லை. வெள்ளிக்கிழமை கீழே இறங்குகிறேன். உன் கடிதம் கடைசிக் கழுதையில் வந்தது.

போன தடவை பாதியில் விட்டதை முடிக்கிறேன். அன்றைக்கு வடக்கே புகை எதுவும் இல்லை. ஜூனில் உன் பெயர் விழுந்தது என்று படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இருபத்து நான்கு வருஷம் நானும் எழுதினேன். ஒற்றைக் கண்ணுக்கு விழுந்தது, இரண்டு கண்ணுக்கு விழவில்லையே என்று நினைத்தேன். கடா பள்ளத்தில் விழும், பாவம், அது இதென்று உனக்கு எழுதியதில் பாதி கடாவுக்காக. மீதிப் பாதி வெறும் பொறாமை. மார்ச்சில் துப்பாக்கியை எடுத்தபோது அது இரக்கம்தான் என்று இன்னமும் நம்புகிறேன். ஆனால் கேட்காமல் செய்யும் இரக்கத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. மன்னித்துக்கொள்.

இப்போது நடந்ததைக் கேள்.

இந்த மலைத்தொடரில் எங்கள் கோபுரங்கள் ஆறு. சாயங்காலம் வானிலைக் கணக்குச் சொல்லி முடித்ததும் வானொலிப் பெட்டியில் கொஞ்ச நேரம் அரட்டை உண்டு. நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு உட்கார முடியவில்லை. சின்ன அறை, எவ்வளவு தூரம் நடப்பது? ஒலிவாங்கியை எடுத்தேன். "எல்லாரும் இருக்கீங்களா? ஒரு கடுதாசி வாசிக்கப் போறேன், குறுக்க யாரும் பேசக் கூடாது"ன்னேன்.

காற்று நின்ற இடத்திலிருந்து வாசித்தேன். புதர் எழுந்து நின்றது, நாற்பது நிமிஷம், ஈ, எல்லாம். விரல் நுனி என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனேன். அந்த அதிகாரி பேனாவை நீட்டிய இடத்தில் நான் மூச்சு வாங்கின நொடியில் எந்தக் கோபுரத்திலிருந்தோ ஒருவன், 'அடப்பாவி!' என்றான். கையெழுத்து வரை வாசித்து முடித்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம், 'ளக்'. யாரோ பேச்சுப் பொத்தானை அழுத்தி, பேசாமலே உடனே விட்டார்கள். மறுபடி ளக். இன்னொரு மலையிலிருந்து ளக் ளக். ஐந்து கோபுரத்திலிருந்தும் விடாமல், ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுகிற மாதிரி. நாங்கள் கை தட்டினால் ஒருவருக்கொருவர் கேட்காது, கொரி. இதுதான் எங்கள் கைதட்டல். ஒன்பது கோடையில் ஒரு தடவை கூட நான் கேட்டதில்லை.

தெற்குக் கோடியில் எட்னா என்று ஒருத்தி இருக்கிறாள். எண்பது வயதுக்குப் பக்கம். திசை, தூரம், புகையின் நிறம், இதைத் தவிர வாயைத் திறக்க மாட்டாள். சத்தம் அடங்கினதும் அவள் குரல் வந்தது.

"யாருப்பா இந்த கொரின்?"

"என் தங்கச்சி"ன்னேன்.

"நல்லாருக்கட்டும். அந்தப் புதர் எழுந்து நின்ன இடத்துலேர்ந்து இன்னொரு தடவை வாசி. மெதுவா."

வாசித்தேன்.

எமெட்